22 சக்கர நாற்காலிகள்: சுங்கை சிப்புட் சைக்கிள் பயணம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவில், ஊரில் உள்ள உடற்பேறு குறைந்தவர்களுக்கு நிதி திரட்ட ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை சிப்புட் வரை போன இந்தச் சைக்கிள் பயணத்தில் நான் உதவி வேன் ஓட்டினேன். வசூல் கணக்கும் என்னிடம்தான் இருந்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ தோட்டங்களின் பெயரோ இதில் வராது. இதே மாதிரி பயணம் ஒன்றைத் திட்டமிடும் குழுக்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பின்னணி

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே, பழைய முதலாம் எண் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டப் பட்டணம். ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரம் (ரப்பர்); இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர். பத்தும் இருபதுமாகப் பணம் சேர்ப்பது இங்கே பாட்டன் காலத்துப் பழக்கம்.

எங்கள் சைக்கிள் குழுவில் 14 பேர். ஞாயிறு காலையில் கோலகங்சார் வரை மிதித்துப் போய், லக்சா சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். பள்ளி ஆசிரியர், லோரி ஓட்டுநர், ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸ்ஸர் (மருந்தக உதவியாளர்) என்று எல்லா வகையும் உண்டு. கோயில் மண்டபத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, ஊரில் உள்ள உடற்பேறு குறைந்தவர்களுக்காக ஒரு நீண்ட பயணம் போகலாம் என்று முடிவானது. ஜொகூர் பாருவில் தொடங்கி சுங்கை சிப்புட்டில் முடிக்க வேண்டும். ஏழு நாள், சுமார் 600 கிலோமீட்டர். டோல் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதால் முழுக்கப் பழைய சாலைதான்: ஆயர் ஹீத்தாம், சிகாமட், தம்பின், சிரம்பான், ரவாங், தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ.

சாப்பாடு, தங்குமிடச் செலவை ஓட்டுபவர்களே ஏற்றுக்கொண்டோம். நன்கொடையில் ஒரு காசும் பயணத்துக்குப் போகக்கூடாது என்பது முதல் கூட்டத்திலேயே போட்ட விதி. கடைத்தெருவில் உண்டியல் வைக்க போலீஸ் அனுமதி எடுத்தோம்.

முதல் திட்டம்

கோயில் நிர்வாகத்திடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதில் 22 பெயர். ஆளுக்கொரு சக்கர நாற்காலி, ஒன்று 480 வெள்ளி (ரிங்கிட்). மிச்சப் பணம் சமூக நல இலாகாவின் கீழ் இயங்கும் பி.டி.கே. மறுவாழ்வு மையத்துக்கு. கடைசி நாள் மேடையில் வைத்து 22 நாற்காலியையும் கொடுப்பது என்று பேசி, கடைக்காரருக்கு 2,000 வெள்ளி முன்பணமும் கட்டிவிட்டோம்.

அந்த 22 பேரில் ஒருவருக்குக்கூட நாங்கள் போன் செய்யவில்லை. அன்று அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்கிறோம், சீக்கிரம் செய்வோம் என்பதே எண்ணம்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு, பட்டியலில் இருந்த ஒருவர் அவராகவே கூட்டத்துக்கு வந்தார். வயது 34. ஒன்பது வருடத்துக்கு முன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர். மார்புக்குக் கீழே உணர்வில்லை. பட்டணத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். “அண்ணே, மேடையில எனக்கு நாற்காலி தரப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் உங்களோட சைக்கிள் ஓட்டலாமா?” என்றார். பழைய விளையாட்டாளர் ஒருவரிடமிருந்து கையால் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளை இரவல் வாங்கி வைத்திருந்தார். காலையில் சாலாக் வரை போய் வருவாராம்.

அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு கூட்டம் பேசினோம். பயந்ததற்குக் காரணம் இருந்தது. கைச்சைக்கிள் தரையோடு தரையாகப் போகும். கல் லோரி ஓட்டுபவர் கண்ணுக்கு அது தெரியாது. சமதரையில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர், மேட்டில் அதில் பாதி. அவர் மருத்துவரின் கடிதத்தோடு வந்தார். கடைசியில், முழுத் தூரத்துக்கும் பதிலாகத் தஞ்சோங் மாலிமிலிருந்து மூன்று நாள், தினமும் 30 முதல் 45 கிலோமீட்டர் ஓட்டட்டும் என்று முடிவெடுத்தோம். ஆள் உயரக் கம்பில் ஆரஞ்சுக் கொடி, பின்னால் விளக்கு மின்ன என் வேன். அவர் உடம்பைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. டிரஸ்ஸர் ஐயா வேனில் வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்.

முதல் ஐந்து நாள்

சொல்ல அதிகமில்லை. ஏப்ரல் மாதம், மதியம் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் தவறாமல் வந்தது. விடிவது ஏழு மணிக்கு மேல்தான் என்பதால் 7.15-க்குக் கிளம்பி, ஒரு மணிக்குள் முடித்துக்கொண்டோம். மந்தின் மேட்டில் இருவர் இறங்கித் தள்ளினார்கள். லாபிஸ் பக்கம் ஒரு தோட்டக் கோயிலில் எங்களுக்கு இட்லி சுட்டுப் போட்ட அம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த 30 வெள்ளியை அவிழ்த்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் தஞ்சோங் மாலிமில் கைச்சைக்கிள் சேர்ந்துகொண்டது. அன்று 45 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மிச்சத்துக்கு வேனில் ஏறினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆறாம் நாள், கம்பாரைத் தாண்டி

காலை 9 மணிக்குக் கம்பாரில் தேத்தண்ணிக்கு நின்றோம். அவருடைய கால்கள் தாங்கியிலிருந்து நழுவுவதைப் பார்த்தேன். அவர் பக்கத்துச் சைக்கிள்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குனிந்து முழங்காலுக்குக் கீழே இருந்த பட்டையை அவிழ்த்து, இன்னும் இரண்டு துளை இறுக்கிக் கட்டினேன். அவருக்கு அங்கே உணர்வில்லை. நான் கட்டியது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

9.50 இருக்கும். கோப்பேங் போகும் வழியில் கை ஓய்ந்து ஓரமாக நிறுத்திவிட்டார். “மண்டை இடிக்குதுண்ணே” என்றார். முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கையில் மட்டும் மயிர்க்கூச்செறிந்து நின்றது. டிரஸ்ஸர் ஐயா 30 வருடம் தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர். வெயிலில் மயங்கிய எத்தனையோ பேரைப் பார்த்தவர். வெயில் தாக்கம் என்று நினைத்து, நிழலில் பாய் விரித்துப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பையின் மேல் வைக்கச் சொன்னார்.

படுத்ததும் வலி கூடியது. அவர் கத்தினார்: “ஐயா, படுக்க வைக்காதீங்க! உட்கார வைங்க. குழாயப் பாருங்க, குழாய!”

ஐயா அந்த நொடியே அவர் சொன்னபடி செய்தார். வேன் கதவில் சாய்த்து உட்கார வைத்தோம். இரத்த அழுத்தம் 172-க்கு 98. “எனக்கு எப்பவும் நூறுக்கு அறுபதுதான்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் கால்சட்டையை மேலே சுருட்டினேன். காலில் கட்டியிருந்த சிறுநீர்ப் பைக்குப் போகும் குழாய், நான் இறுக்கிய பட்டைக்கு அடியில் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. பை காலி. பட்டையைத் தளர்த்தியதும் சில நொடிகளில் குழாயில் மஞ்சள் கோடு ஓடியது. பத்து நிமிடத்தில் அழுத்தம் 124-க்கு 76. தலைவலியும் இறங்கியது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, உணர்வில்லாத பகுதியில் ஏதாவது உறுத்தினால், மூளைக்குச் சேதி போகாமலேயே உடம்பு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். பெரும்பாலும் காரணம் நிறைந்துபோன மூத்திரப்பை. மலச்சிக்கல், புண், இறுக்கமான உடையும் காரணமாகலாம். விட்டால் வலிப்பு, மூளையில் இரத்தக் கசிவு வரை போகும். உடனே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமானதைத் தளர்த்த வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும். படுக்க வைத்தால் தலைக்கு அழுத்தம் இன்னும் கூடும். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒன்பது வருடமாக அவர் வாழும் உடம்பு அது. இந்த நிலை உள்ளவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வேர்க்காது என்பதால் வெயில் ஆபத்தும் உண்டுதான்; அதனால் ஐயா நினைத்ததையும் குற்றம் சொல்ல முடியாது. நான் தொட்டதைச் சொல்லாமல் விட்டேன் என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது.

அன்றைக்கு அவர் ஓட்டக்கூடாது என்று நிறுத்தினோம். அவருக்குக் கோபம். “சரியாயிடுச்சே, இன்னும் பத்து கிலோமீட்டர்தானே” என்றார். அழுத்தம் மறுபடி ஏறலாம், பட்டை அழுத்திய இடத்தில் தோல் கன்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதால் மருத்துவமனைக்குப் போனோம். மறுநாள் ஓட்டுவதா இல்லையா என்பது மருத்துவர் சொன்ன பிறகு அவருடைய முடிவு என்று வாக்குக் கொடுத்தோம். கெண்டைக்காலில் சிவந்த தடம் இருந்தது, தோல் கிழியவில்லை. மருத்துவர் அனுமதித்தார்.

ஈப்போவில் அந்த இரவு

தங்குமிடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். பட்டையைக் கட்டியது நான்தான் என்று அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கட்டினது தப்பில்லண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குழாய நகர்த்தி விட்டிருப்பேன்.” அப்புறம் அவரே தொடர்ந்தார்: “நாளைக்கு மேடையில தரப் போற நாற்காலியும் இதே மாதிரிதான். எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. ரெண்டும் வாசல்லதான் நிக்குது. கக்கூஸுக்குள்ள ஒண்ணும் போகாது.”

யாரும் கொஞ்ச நேரம் தட்டில் கை வைக்கவில்லை. இரவு 11 மணி வரை பேசினோம். மறுநாள் நாற்காலி கொடுப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பார்த்த பிறகுதான் பணத்தைச் செலவழிப்பது என்று முடிவெடுத்தோம். எதிர்த்தவர்கள் இருவர். மேடை போட்டாகிவிட்டது, நன்கொடையாளர்கள் வருகிறார்கள், ஊர் என்ன சொல்லும் என்றார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனாலும், தேவையில்லாத 22 நாற்காலியைத் திரும்ப வாங்க முடியாது, ஒரு நாள் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற வாதம் வென்றது.

ஏழாம் நாள் அவர் 28 கிலோமீட்டரும் ஓட்டி ஊருக்குள் வந்தார். பட்டையைக் கட்டும்போது நானே கூப்பிட்டுக் காட்டினேன். மேடையில் வசூல் தொகை 38,640 வெள்ளி என்றும், அது எப்படிச் செலவாகும் என்பதை மூன்று மாதத்தில் அறிவிப்போம் என்றும் மட்டும் சொன்னோம். 3,000 வெள்ளி தருவதாகச் சொல்லியிருந்த ஒருவர் அங்கேயே பின்வாங்கினார். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டோம்.

வீடு வீடாகப் பார்த்தது

இரண்டு இரண்டு பேராகப் போனோம். ஒருவர் எங்கள் குழு, இன்னொருவர் உடற்பேறு குறைந்தவர் அல்லது அவர் குடும்பத்தில் ஒருவர். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவர் இரண்டு சனிக்கிழமை இலவசமாக வந்தார். பட்டியல் பழையது, 22 பேரில் இருவர் இறந்திருந்தார்கள். மிச்சம் 20 பேரில் 9 பேரிடம் ஏற்கெனவே நாற்காலி இருந்தது. அதில் 5 நாற்காலியில் துணி காய்ந்தது.

ஒரு லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) மறக்க முடியவில்லை. 52 வயது அம்மா. நீரிழிவில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் சிமெண்டுத் தரையைத் தள்ளித் தள்ளி எங்களுக்கு மைலோ கலக்கப் போனார். உள்ளங்கை காய்ப்புக் காய்த்து, பால் வெட்டும் கைபோல் இருந்தது. யாரோ கொடுத்த நாற்காலி வாசலில் நின்றது. கழிப்பறைக் கதவை அளந்தோம்: 58 சென்டிமீட்டர். நாற்காலியின் அகலம் 64. “நாற்காலி நல்லாத்தான் இருக்கு தம்பி. அது உள்ள வராது, நான் வெளிய போறதில்ல” என்றார்.

நீரிழிவால் கால் இழந்தவர்கள் எங்கள் பட்டியலில் 6 பேர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றால், இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அந்த எண்ணை முன்பே படித்திருக்கிறேன். அந்த அம்மாவின் கையைப் பார்த்த பிறகு அது வேறு மாதிரித் தெரிகிறது.

நாற்காலியைப் பற்றியும் கற்றுக்கொண்டோம். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி கொடுப்பதை எட்டுப் படியாகச் சொல்கிறது: ஆளை அனுப்பிவைப்பது, மதிப்பிடுவது, எது பொருந்தும் என்று முடிவு செய்வது, பணமும் கொள்முதலும், நாற்காலியைத் தயார் செய்வது, உட்கார வைத்துச் சரிபார்ப்பது, பழக்குவது, பிறகு தொடர்ந்து கவனிப்பது. நாங்கள் நான்காவது படியை மட்டும் செய்யப் போனவர்கள். அகலமான நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாலோ, மெத்தை சரியில்லாமல் உட்கார்ந்தாலோ உணர்வில்லாதவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே அழுத்தப் புண் தொடங்கலாம்.

பணம் போன வழி

மிக அதிகம் பேர் கேட்டது வாசல் சரிவு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இங்கே ஒரு சிக்கல்: லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவர் சிமெண்டு போட்டுக் கட்ட முடியாது. கழற்றி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டத்தில் பலகை பொருத்தி 11 சரிவுகள் செய்தோம். லோரி ஓட்டும் நண்பரே வெல்டிங் பார்த்தார். அதற்கு 6,820 வெள்ளி. கழிப்பறைக் கதவு, பிடிகம்பி என 8 வீட்டில் 9,400; லயத்தில் இருந்தவர்களுக்குத் தோட்ட அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கதவைத் தொட்டோம். அளவெடுத்த நாற்காலியும் மெத்தையும் 6 பேருக்கு, 10,080. முன்பணத்தை இந்தக் கணக்கில் வரவு வைக்கக் கடைக்காரர் சம்மதித்தார். இரண்டு செயற்கைக் காலுக்குக் குடும்பங்கள் போட்டதுபோக 4,600. பி.டி.கே. மையத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வர வேன் செலவு 6,000. மிச்சம் 1,740 டயர், டியூப் பழுதுக்கு.

பணம் செலவாகாத வேலை ஒன்றும் இருந்தது. 4 பேரிடம் ஓ.கே.யு. அட்டையே (உடற்பேறு குறைந்தவர் என்பதற்கான பதிவு அட்டை) இல்லை. சமூக நல இலாகாவில் பதிவதற்கு மருத்துவர் உறுதி செய்த பாரம் வேண்டும். அதற்காக மருத்துவமனைக்குப் போய்வர ஆள் துணை இல்லாததுதான் காரணம். ஆசிரியர் ஒருவர் நான்கு பேரையும் காரில் கூட்டிப் போனார். மூவருக்கு அட்டை கிடைத்தது. ஒருவருக்கு அடையாள அட்டையே சரியாக இல்லை. அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஓராண்டுக்குப் பிறகு

சரிவுகளில் 9 பயன்பாட்டில் இருக்கின்றன. ஒரு குடும்பம் வீடு மாறியது. ஒரு சரிவு லோரி திரும்ப இடைஞ்சல் என்று கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. தோட்ட அலுவலகத்தோடு முன்பே பேசியிருக்க வேண்டும். கதவுக்குப் பேசியவர்கள், கழற்றக்கூடியதுதானே என்று சரிவுக்குப் பேசாமல் விட்டோம். கழிப்பறை மாற்றங்கள் எட்டும் நன்றாக இருக்கின்றன. பலகையில் நகர்ந்த அம்மா இப்போது நாற்காலியில் கோயிலுக்கு வருகிறார்.

நாற்காலியில் ஒன்று தவறிப்போனது. மூளை வாதம் உள்ள 11 வயதுப் பையன்; பத்து மாதத்தில் வளர்ந்து, அளவெடுத்த நாற்காலி சிறிதாகிவிட்டது. பிள்ளைகள் வளர்வார்கள் என்பதற்குப் பணம் ஒதுக்காமல் விட்டோம். இரண்டு மாதம் அவன் பழைய நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். எட்டாவது படியைப் படித்துவிட்டும் விட்டது இது.

அடுத்த முறை

வசூல் தொடங்கும் முன்பே வீடுகளுக்குப் போவோம். எதற்காக வசூல் என்பதை அதன் பிறகுதான் அறிவிப்போம். தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்து ஒரு வருடம் கழித்துச் செலவழிப்போம். ஓட்டுபவர் ஒவ்வொருவரும், உடற்பேறு குறைந்தவரோ இல்லையோ, தன் உடம்புக்கு ஆபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று தன் கையால் ஓர் அட்டையில் எழுதி வேனில் கொடுக்க வேண்டும். அவருடைய வழக்கமான இரத்த அழுத்தம் அதில் இருக்கும். பட்டை, குழாய், சக்கரம், எதைத் தொட்டாலும் ஆளிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். கைச்சைக்கிள் ஓட்டுபவர் 20 நிமிடத்துக்கு ஒரு முறை நின்று அவரே சரிபார்ப்பார்.

மேடையைப் பற்றி இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் தங்கள் பணம் என்ன ஆனது என்று கண்ணால் பார்க்க விரும்புவது தவறில்லை என்று நான் நினைக்கிறேன். சரிவு வைத்த வீடுகளுக்கு, அந்த வீட்டார் சம்மதித்தால், அவர்களைக் கூட்டிப் போகலாம் என்பது என் யோசனை. மூவர் சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த பயணத்தின் வழித்தட வேலையைக் கைச்சைக்கிள் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை பார்வையற்ற ஓர் ஆசிரியையும் இரட்டை இருக்கைச் சைக்கிளில் வருகிறார். தம்பி முதல் வேலையாக என்னிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, நாங்கள் தங்கப் போகும் ஏழு இடங்களின் கழிப்பறைக் கதவுகளை அளந்து வரச் சொன்னார். ஏழில் மூன்றுதான் தேறின. மற்ற நான்கு ஊர்களில் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.